நோயாளியின் சொற்களில்

நான்கு கை மாறிய பாதி எலும்புக்கூடு,
ஏழாயிரம் ரூபாய்.
சீனியர் ஃபைரோஸ் பானு அதை
காரிமங்கலம் ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.
தொடை எலும்பு மட்டும் அடங்கவில்லை.
அந்தச் சனிக்கிழமை பாலக்கோடு பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"இது லக்கேஜா, ஆளா?"

விடுதியில் நள்ளிரவு தாண்டியும்
அந்த எலும்பைத் தடவித் தடவிப் படித்தேன்.
மேட்டுக்கு ஒரு பெயர், பள்ளத்துக்கு ஒரு பெயர்,
ரத்தக்குழாய் நுழையும் துளைக்கும் ஒரு பெயர்.
அறைத்தோழி ஹேமலதா ஓசூர்க்காரி,
தெலுங்கில் கனவு கண்டு
லத்தீனில் உளறுவாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
சமூக மருத்துவ வகுப்பில்
திரை முழுக்க ஒரு வாய்.
பற்களில் மஞ்சள் வரி, பழுப்புத் திட்டு,
கீழே "ஃப்ளூரைடு மிகுந்த நிலத்தடி நீர்."
நூறு பேர் குறிப்பெடுத்தார்கள்.
நான் உதட்டை மூடிக்கொண்டேன்.
ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு அது பழக்கம்.
சிரிப்பு வந்தால் கை தானாக மேலே போகும்.
முகக்கவசம் கட்டாயமான வார்டுகளை
அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஆண்கள் வார்டு, பதினேழாம் கட்டில்.
மாதப்பன், ஐம்பத்து நான்கு,
பென்னாகரத்துக்கும் அப்பால் ஒரு கொட்டாய்.
மனப்பாடம் செய்த கேள்விகளை வரிசையாக வைத்தேன்.
குத்துற வலியா?
"ஆமா."
எரியுதா?
"ஆமா."
இழுத்துப் பிடிக்குதா?
"ஆமாம்மா, நீ எழுதிக்க."
கூட வந்தவர்கள் டீக்குப் போய்விட்டார்கள்.
நான் ஆமா ஆமா என்று
தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது
கவசத்தின் நாடா அறுந்தது.

அவர் என் வாயைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"நீ எந்தூரு தண்ணி?"

சொன்னேன்.
அவர் சிரித்தார். மிச்சமிருந்த பற்களெல்லாம் என் நிறம்.
அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
கிணறு வற்றியது, அறுநூறு அடிக்கு போர் போட்டது,
அந்தக் கடன், அந்தத் தண்ணியின் உப்பு,
எல்லாம் வந்தது.
"செருப்பு வாரு மாட்டக் குனிய முடியல.
ஆட்டுக்குட்டியத் தூக்க முடியல.
கோயில்ல உழுந்து கும்புட்டா
எழுப்பி உட ரெண்டு ஆளு வேணும்.
நின்னுக்கிட்டே கும்புடறேன்,
சாமி என்னா நெனைக்குதோ."

முதன்மைப் புகாரை
நோயாளியின் சொற்களில் எழுத வேண்டும்,
அது விதி.
"செருப்பு வார் மாட்டக் குனிய முடியவில்லை,
நான்கு வருடமாக" என்று படித்தேன்.
பின்வரிசையில் எவனோ சிரித்தான்.
பேராசிரியை அவரைத்
தாடையால் நெஞ்சைத் தொடச் சொன்னார்.
நான்கு விரல்கடை தூரத்தில் கழுத்து நின்றுவிட்டது.
எக்ஸ்ரேயில் முதுகெலும்பு
பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல
வெளுத்திருந்தது.
என் மதிப்பெண் பத்துக்கு ஐந்தரை.
குடும்ப வரலாறு கேட்கவில்லை என்று
சிவப்பு மையில் ஒரு வரி.

சாயங்காலம் கேட்கத் திரும்பிப் போனேன்.
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்,
படுக்கத் தெரியாதவர்போல, பலகையாய்.
கட்டில் ஓரத்தில் ஒரு பெண்,
பன்னிரண்டாம் வகுப்புச் சீருடை,
மடியில் உயிரியல் வினாவங்கி.
"டாக்டருக்குப் படிக்க என்னக்கா பண்ணணும்?"
கேட்கும்போதே
அவள் கை வாய்க்குப் போனது.

தேர்வு, கட்-ஆஃப், இரண்டாம் முறை எழுதிய வருடம்,
எலும்பை யாரிடம் மலிவாக வாங்கலாம்,
எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.
புதுக் கவசத்தைக் கழற்றிக்
கோட்டுப் பைக்குள் திணித்தேன்.
"சொல்றேன். அதுக்கு முன்ன,
உங்க ஊட்டுல குடிக்கிறது எந்தத் தண்ணி?"

வாரத்தில் ரெண்டு நாள் ஒகேனக்கல் குழாய்,
அது வராத நாள் போர்,
போரும் இல்லாத நாள்
பெரியப்பா நிலத்துக் கிணறு,
அவர் பேசுகிற நாளாக இருந்தால்.

கேஸ் ஷீட்டில் இதற்கென்று கட்டம் இல்லை.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.
அவள் எழுத்துப்பிழை ஒன்றைக் காட்டினாள்.